கூட்டுரோட்டுக் கல்லில் யார் பேர்

வல்லம்
7-2-1983

காந்திமதிக்கு,

உன் பெரியம்மா ராஜாமணி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. முதலில் படி, அப்புறம் கிழி. உன் அப்பா கோதண்டத்தின் கருமாதி முடிந்த கையோடு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டில்லிக்கு ரயில் ஏறினாய். அது என் மனசில் இருக்கிறது. நான் பேசியது உன் மனசில் இருக்கும். இரண்டும் அங்கங்கேயே கிடக்கட்டும். இது வேறு.

உன் தம்பி நரசிம்மன் ஒரகடம் கூட்டுரோட்டில் நிழற்குடை கட்டுகிறான். மறைமலை நகர் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனதும் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள், கட்டட்டும். ஆனால் அதில் ஒரு கல் பதிக்கப்போகிறானாம். அதில் இப்படி எழுத்து: "சண்டைக் காலத்தில் கடலில் விழுந்த விமானிகளைத் தண்ணீரில் குதித்துக் காப்பாற்றிய வல்லம் கோதண்டம் நினைவாக."

குதித்தது உன் அப்பா இல்லை. உன் பெரியப்பா.

நாற்பத்து மூன்றாம் வருஷ வெள்ளத்தில் ஏரி உடைத்துக்கொண்டு பயிர் போனது. அண்ணனும் தம்பியும் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வேலை தேடிப் போனார்கள். கடலில் விமானம் விழுந்தால் விரைந்து போய் ஆளைத் தூக்கி வரும் லாஞ்சு ஒன்றில் இரண்டு பேருக்கும் கயிறு போட்டு இழுக்கிற கலாசி வேலை கிடைத்தது. உன் அப்பா அலையில் நாலு தரம் ஆடினால் தின்றதை எல்லாம் கக்கிவிடுவான். அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். அவனா குதித்தான்?

நீ வேலை செய்கிற ஆபீசில் சண்டைக் காலத்துக் காகிதம் கட்டுக்கட்டாக இருக்கிறது என்று நரசிம்மன் பெருமையடிக்கிறான். அப்படியானால் பார்த்துச் சொல். சித்திரை முதல் நாள் திறப்பு. காகிதத்தில் எழுதின பொய்யைக் கரையான் தின்னும். கல்லில் எழுதினால் நான் செத்த பிறகும் நிற்கும்.

பதில் எழுதப் பிடிக்காவிட்டால் எழுதாதே. ஆனால் பார்.

ராஜாமணி


புது டில்லி
21-2-1983

பெரியம்மாவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு ஊர் மொத்தமும் உட்கார்ந்திருந்தபோது "வாந்தி எடுத்தவனுக்கு வீரன் பட்டமா" என்று கேட்டீர்கள். அம்மா இன்னும் அதைச் சொல்லி அழுகிறார். ஆகவே நான் இதைத் தேடப்போவது உங்களுக்காக அல்ல. அப்பா சொன்னது உண்மை என்று காட்டுவதற்காக.

இரண்டு விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒன்று: என்ன கிடைத்தாலும் ஒரே நகலை உங்களுக்கும் தம்பிக்கும் அனுப்புவேன். பிடிக்காத பதில் வந்தால் நீங்களும் ஏற்க வேண்டும். இன்னொன்று: "எனக்குத் தெரியும்" என்பது இங்கே செல்லாது. அப்பா வைத்திருந்த சான்றிதழும் செல்லாது. அது சண்டை முடிந்து இரண்டு வருடம் கழித்து, அப்பா சொன்னதைக் கேட்டுத் துறைமுகத்தில் ஓர் அதிகாரி எழுதிக் கொடுத்தது. அன்றைக்கே, அங்கே இருந்தவர் எழுதியது வேண்டும். அதைத் தேட எனக்கு நாள் தெரிய வேண்டும். உங்களுக்கு நினைவிருக்கிறதா?

நானும் ஒன்று கேட்கிறேன். அப்பாவிடம் ஒரு விசில் இருந்தது. விமானிகள் போடும் மிதவைச் சட்டையில் மாட்டியிருப்பது. கடலில் விழுந்தால் ஊதிக் கூப்பிடுவதற்கு. சாகும்வரை அதைச் சாமி மாடத்தில் வைத்திருந்தார். யாரையும் தொட விட்டதில்லை. வாந்தி எடுத்துக்கொண்டு ஓரமாகக் கிடந்தவர் கைக்கு அது எப்படி வந்தது?

காந்திமதி


வல்லம்
2-3-1983

காந்திமதிக்கு,

நினைவிருக்கிறதா என்று என்னைக் கேட்கிறாய். நீ பிறந்தபோது உன் அம்மாவுக்கு மருந்து இடித்த கல் எந்த வீட்டிலிருந்து இரவல் வந்தது என்றுகூடச் சொல்வேன். அதை அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நாற்பத்து நாலாம் வருஷம், மாசி மகம் கழிந்த செவ்வாய்க்கிழமை. அண்ணனும் தம்பியும் ஊருக்கு வந்தது வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். உன் பெரியப்பாவின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. நான்தான் விளக்கெண்ணெய் போட்டுத் துணி சுற்றினேன். "இன்னாய்யா இது?" என்றேன். "கவுறு இழுத்தது" என்றார். அவ்வளவுதான். உன் அப்பா வலது கையை மூடியே வைத்திருந்தான். கஞ்சியை இடது கையால் குடித்தான். மறுநாள்தான் கைக்குள் விசில் இருப்பது தெரிந்தது. எப்படி வந்தது என்று அன்றைக்கு அவன் சொல்லவில்லை. தெரியாததை நான் தெரியும் என்று எழுத மாட்டேன்.

ஒரு மாசம் கழித்து டீக்கடையில் கதை கிளம்பியது. "வெள்ளக்காரன் முழுவிக்கினு கீறான், நான் தலைகீழா தொங்கி புடிச்சேன்" என்பான். அப்புறம் தொங்கியது போய் குதித்ததாக ஆனது. அவன் ஆரம்பித்தால் உன் பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஒரு தடவைகூட உட்கார்ந்து கேட்டதில்லை. அதனால்தான் சொல்கிறேன், அது பொய். தான் செய்ததைத் தம்பி சொல்லிக்கொண்டு திரிகிறானே என்றுதான் எழுந்து போனார்.

அவர் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. சண்டை முடிந்ததிலிருந்து ஒவ்வொரு தை அறுப்பிலும் முதல் களத்து நெல்லைக் குத்தி ஒரு மூட்டை அரிசி எடுத்துக்கொண்டு போய்விடுவார். இங்கே பிள்ளைகளுக்குக் கேழ்வரகு. எங்கே போகிறது என்று கேட்டால் பதில் இருக்காது. ஒரு தையில் பின்னாலேயே போனேன். பஸ் ஏறி, இறங்கி, மணலில் நடந்து. கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். குடிசை வாசலில் ஒரு பெண்பிள்ளை. மூட்டையை இறக்கி வைத்தார். அவள் தண்ணீர் கொடுத்தாள். நான் திரும்பி வந்துவிட்டேன். கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் சாகும்வரை அவர் இலையில் சோற்றை வைப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன்.

அப்படிப்பட்ட மனுஷன் பேருக்காகவா சண்டை போடுகிறாய் என்று கேட்பாய். ஆமாம். அவர் செய்த கெட்டது என் கணக்கு. செய்த நல்லது ஊர் கணக்கு.

ராஜாமணி


புது டில்லி
22-3-1983

பெரியம்மாவுக்கு,

நீங்கள் சொன்ன கிழமை சரி. 1944 மார்ச் 14 செவ்வாய்க்கிழமைதான். அந்த மாதத்துச் சுருக்க அறிக்கை இங்கே இருக்கிறது. அதில் ஒரே வரி: மெட்ராஸுக்குத் தெற்கே கடலில் விழுந்த விமானத்தின் இரண்டு பேரை லாஞ்சு உயிரோடு கொண்டுவந்தது, படகோட்டிகள் துணிச்சலாக நடந்துகொண்டார்கள். பெயர் இல்லை. குதித்ததாகவும் இல்லை.

இதைப் படித்தவுடன் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "துணிச்சலாக" என்று போட்டிருக்கிறதே! இரண்டு நாள் கழித்துத்தான் புத்தி வந்தது. இந்த அறிக்கை மாதக் கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது. எழுதியவர் லாஞ்சையே பார்த்திருக்க மாட்டார். அந்த வாரத்துப் பத்திரிகைச் செய்தியையும் எடுத்துப் பார்த்தேன். இதே வார்த்தைகள். ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு காகிதம் இருக்கிறதே என்று இரண்டு சாட்சியாக எண்ண முடியாது.

லாஞ்சிலேயே தினம் எழுதும் லாக் புத்தகம் ஒன்று உண்டு. காப்பாற்றப்பட்ட விமானிகள் ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலமும் இருக்க வேண்டும். இரண்டும் லண்டனில் இருக்கின்றன. நகல் கேட்டு எழுதியிருக்கிறேன். வர நாளாகும். திறப்பைத் தள்ளிவைக்கச் சொல்லித் தம்பிக்கும் எழுதினேன். அவன் கேட்பான் என்று தோன்றவில்லை.

பெரியப்பாவின் அரிசி விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லக்கூடாது. ஆனால் தூக்கம் வராதபோது நினைவுக்கு வருகிறது.

காந்திமதி


வல்லம்
16-4-1983

காந்திமதிக்கு,

திறப்பு நடக்கவில்லை. எப்படி நடக்கவில்லை என்று உன் தம்பி எழுதுவதற்குள் நான் எழுதிவிடுகிறேன்.

சித்திரைக்கு முந்தின நாள் கல் வந்து இறங்கியது. கூட்டுரோட்டில் மணல்மேல் மல்லாத்தி வைத்திருந்தார்கள். நான் போய் அதன்மேல் உட்கார்ந்தேன். கல் வெயிலில் காய்ந்து அடுப்பு மாதிரி இருந்தது. புடவையை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டேன்.

நரசிம்மன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினான். "பெரிம்மா, ஏந்திரி. ஜனங்க சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். உங்கப்பன் கதைக்கே சிரிக்காத ஊரு."

"ஆறு மாசம் ஓவர்டைம் பாத்து கட்னது பெரிம்மா. நாளைக்கு சேர்மன் வராரு. மாலைக்கெல்லாம் சொல்லிட்டேன்."

"அந்த மாலைய எனக்குப் போடு. நான் இங்கயே போய்ட்டா தோதா இருக்கும்."

பஸ்ஸிலிருந்த பையன்கள் விசிலடித்தார்கள். உன் தம்பி முகம் சிவந்து, அப்புறம் மணலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். குரல் இறங்கிவிட்டது. "பெரிம்மா, அக்காவும் தள்ளிவைன்னு எழுதுது, நீயும் மேல உக்காந்துகினு கீற. எங்கப்பா பொய் சொன்னாருன்னு ரெண்டு பேரும் முடிவு கட்டிட்டீங்களா?"

 அவன் சின்னப் பிள்ளையில் உன் அப்பா தோள்மேல் உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்டுக் கைதட்டுவான். அது கண் முன்னால் வந்தது. "உங்கக்கா காயிதம் வரட்டும்டா. உங்கப்பன்தான்னு வந்துச்சுன்னா நானே கல்லுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தறேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன். சொன்னால் செய்வேன். அதனால் சீக்கிரம் எழுது. கல் இப்போது நிழற்குடைக்குள் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. தினம் போய்ப் பார்க்கிறேன். வீட்டில் கால் தரிக்கவில்லை.

ராஜாமணி


புது டில்லி
9-5-1983

பெரியம்மாவுக்கு,

லண்டனிலிருந்து நகல்கள் வந்துவிட்டன. நாலு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

லாக் புத்தகம் சொல்வது இது. அன்று காலை லாஞ்சு போய்ச் சேர்ந்தபோது விமானிகள் தண்ணீரில் இல்லை. ஒரு கட்டுமரத்தில் இருந்தார்கள். இரண்டு மீனவர்கள் அவர்களை ஏற்கெனவே தூக்கிப் போட்டுக்கொண்டு கரையை நோக்கித் துடுப்புப் போட்டிருக்கிறார்கள். லாஞ்சு செய்தது அவர்களை வாங்கிக்கொண்டது மட்டும். லாஞ்சிலிருந்து யாரும் கடலில் குதிக்கவில்லை.

என் அப்பாவும் இல்லை, பெரியம்மா. பெரியப்பாவும் இல்லை.

அடுத்த வரியையும் அப்படியே சொல்கிறேன். "கட்டுமரம் லாஞ்சின் பின்பக்கம் அடித்துச் சேதமாயிற்று. மீனவர் இருவரும் நன்றாக நீந்திக் கரை நோக்கிப் போவதைக் கண்டோம். விமானி ஒருவருக்கு ரத்தப் போக்கு அதிகமானதால் தாமதிக்காமல் திரும்பினோம்." மீனவர்கள் பெயரைக் கேட்டு எழுதவில்லை.

கட்டுமரத்தில் தூக்கியதை விமானி ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலமும் அப்படியே சொல்கிறது. விடியும்போது மரங்களைக் கட்டி மிதக்கவிட்ட ஒன்றில் இரண்டு பேர் வந்தார்கள், கலயத்திலிருந்து புளித்த தண்ணீர் கொடுத்தார்கள், அதைப் போல ருசியானது வாழ்க்கையில் குடித்ததில்லை என்கிறார். லாஞ்சில் ஏற்றிய பிறகு அவருக்கு நினைவு தப்பிவிட்டது.

அதில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. அதை நான் இப்போது எழுத மாட்டேன். உங்களுக்குச் சொல்லிவிட்டால், நாளைக்கு யாராவது அதையே சொல்லும்போது அவர்களாகச் சொன்னார்களா, நாம் சொல்லிக் கொடுத்தோமா என்று தெரியாமல் போகும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். இடம் கோவளத்துக்குத் தெற்கே. பெரியப்பா அரிசி கொண்டுபோன இடம்.

தம்பிக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன். அவனை ஒன்றும் சொல்லாதீர்கள்.

காந்திமதி


வல்லம்
26-5-1983

காந்திமதிக்கு,

உன் கடிதத்தை நரசிம்மன் படித்துக் காட்டினான்.  அந்த வாரம் அவனுக்கு ஆஃப் வரும்வரை காத்திருந்தேன். இரண்டு பேரும் கிளம்பினோம். தை மாசம் இல்லை, இருந்தாலும் மூட்டையில் அரிசி எடுத்துக்கொண்டேன். வெறும் கையோடு எப்படிப் போவது?

குப்பம் மாறிப்போயிருக்கிறது. என் மனசில் நான் அதை மாறாமல் வைத்திருந்தேன். கிணறு, புன்னை மரம், அதைத் தாண்டி மூன்றாவது. அதே வாசல். அதே பெண்பிள்ளை, கிழவியாக, மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். பேர் ஞானம்மா. நான் வாய் திறப்பதற்குள் மூட்டையைப் பார்த்துவிட்டாள்.

"அரிசிக்காரரு வூட்டம்மாவா நீ?"

"அவரு பேரு தெரியாதா உனக்கு?"

"கேட்டதே இல்லம்மா. அரிசிக்காரருன்னுதான் கூப்புடுவோம். தையில வருவாரு, எறக்கி வெப்பாரு, தண்ணி குடிச்சிட்டு, கொஞ்ச நேரம் கடலப் பாத்துகினு குந்தியிருப்பாரு. போய்டுவாரு. ரெண்டு தை வரல. அப்புறம் புரிஞ்சிகினேன்."

"எதுக்குக் குடுத்தாரு?" என்று கேட்டேன். அவர் உயிரோடு இருந்தபோது இருபத்திரண்டு வருஷம் நான் கேட்காமல் விட்ட கேள்வி.

அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். அவள் கொழுந்தன் கன்னியப்பன் வந்தான். ஒரு கண்ணில் பார்வை இல்லை. நீ சொன்னபடியே நாங்கள் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. "சண்டைக் காலத்தில் கடலில் என்ன நடந்தது" என்று மட்டும் நரசிம்மன் கேட்டான். கன்னியப்பன் சொன்னதை அவன் வாயாலேயே எழுதுகிறேன்.

"நானும் எங்க அண்ணன் மாரியும் வலைக்குப் போனோம். வெள்ளக்காரன் ரெண்டு பேரு மெதந்துகினு இருந்தானுங்க. தூக்கிப் போட்டுகினோம். நீராகாரம் குடுத்தோம். அதுல ஒருத்தன் அழுதுட்டான். குடுக்க ஒண்ணுமில்ல அவன்கிட்ட. சட்டையில மாட்டியிருந்த விசிலு, கவுத்தோட கழட்டி எங்கண்ணன் கழுத்துல மாலை மாதிரி போட்டான். லாஞ்சு வந்துச்சு. ரெண்டு பேரையும் மேல ஏத்திட்டோம். ஏத்திட்டு வெலகறதுக்குள்ள அலை தள்ளி லாஞ்சுக்குப் பின்னால போட்டுது. கட்டு அறுந்து மரமெல்லாம் தனித்தனி. எனக்கு ஒரு மரம் ஆப்டுது. அண்ணனுக்கு மண்டையில அடி.

"லாஞ்சுல ரெண்டு தமிழ்ப் பையனுங்க. ஒருத்தன் கவுறு போட்டான். அண்ணன் கையில சுத்திகினாரு. அவன் இழுக்கறான், இழுக்கறான், கவுறெல்லாம் ரத்தம். இன்னொருத்தன் வாயில வாந்தியோட தலைகீழா தொங்கி எங்கண்ணன் கழுத்துக் கவுத்தைப் புடிச்சிட்டான். கேப்டன் கத்தறான். லாஞ்சு கெளம்பிடுச்சு. கவுறு ஓடிப் போச்சு. கழுத்துக் கவுறும் அறுந்துது. அவன் கையில விசிலு மட்டும் நின்னுது. அண்ணன் அப்பறம் மேல வரல."

கன்னியப்பன் சொல்லி முடித்ததும் நரசிம்மன் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "எங்கப்பாதான் அது, தொங்கனவரு" என்றான். 

ஞானம்மா அவன் தலையைத் தொட்டாள். "அவன் புடிச்சான் இல்ல? புடிச்சது பொய்யில்லியே" என்றாள்.

காந்திமதி, உன் அப்பா வாந்தி எடுத்தான் என்று நான் சொன்னதும் உண்மையாகிவிட்டது, தொங்கினேன் என்று அவன் முதலில் சொன்னதும் உண்மையாகிவிட்டது. வெள்ளைக்காரனைப் பிடித்தேன் என்றதும், குதித்துக் காப்பாற்றினேன் என்று பிறகு சேர்த்துக்கொண்டதும்தான் பொய். நீ வைத்திருக்கிற அந்த ஒரு வரி என்ன? இப்போதாவது சொல்.

உன் பெரியப்பா விஷயத்தில் என் சந்தேகம் போய்விட்டது. கோபம் போகவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூட்டையின் மறுமுனையை நான் பிடித்திருப்பேன். சொல்லாமல் செத்தார். அதற்கு இப்போது புதிதாகக் கோபம்.

ராஜாமணி


புது டில்லி
6-6-1983

பெரியம்மாவுக்கு,

அந்த வரி: "எங்களிடம் கொடுக்க எதுவும் இல்லாததால் என் மிதவைச் சட்டையின் விசிலை மூத்தவரின் கழுத்தில் போட்டேன்."

லண்டன் காகிதத்தைக் கன்னியப்பன் பார்த்ததில்லை. விமானி கன்னியப்பனை மறுபடி பார்த்ததில்லை. நாற்பது வருட இடைவெளியில் இரண்டு பேரும் ஒரே விசிலைச் சொல்கிறார்கள். இதற்குமேல் நான் கேட்க முடியாது. அன்றைக்கே, அங்கேயே இருந்து எழுதிய லாக் புத்தகம்தான் "இருவரும் நன்றாக நீந்திப் போவதைக் கண்டோம்" என்கிறது. இருந்தவர் எழுதியது என்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்று இத்தனை வருடம் இந்த ஆபீசில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

சின்ன வயதில் ஒருமுறை சாமி மாடத்தில் ஏறி அந்த விசிலை எடுத்து ஊதப் போனேன். அப்பா என்னை அடித்ததே அந்த ஒரு தடவைதான். வெள்ளைக்காரன் பொருள் என்பதால் அத்தனை பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லைப் பற்றித் தம்பி கேட்டு எழுதியிருக்கிறான். நமக்குச் சாட்சி இருப்பது இவ்வளவுக்குத்தான்: மாரி, கன்னியப்பன், இரண்டு உயிர்கள், 1944 மார்ச் 14, மாரி திரும்பவில்லை. வீரர், தீரர் என்று எதுவும் சேர்க்க வேண்டாம். நம் வீட்டுப் பெயர்களும் வேண்டாம்.

உங்களோடு பேசாமல் ரயில் ஏறியது தவறு, பெரியம்மா. ஆனால் நீங்கள் அன்று பேசியதும் தவறுதான்.

காந்திமதி


வல்லம்
24-6-1983

காந்திமதிக்கு,

பேசியது தவறு என்கிறாய். இருக்கலாம். அதை நேரில் வந்து சொல், அப்போது யோசிக்கிறேன்.

புதுக் கல் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கல்லையே புரட்டிப் போட்டு மறுபக்கம் வெட்டச் சொன்னோம். நீ எழுதிக் கொடுத்தது மட்டும்தான். உன் அப்பா பேர் சுவர்ப் பக்கம் போய்விட்டது. செதுக்கி அழித்துவிடுகிறேன் என்றான் கொத்தனார். நான்தான் விடவில்லை. அவன் பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். அவன் அந்தக் கதையைச் சொல்லும்போது உன் பெரியப்பா எழுந்து முதுகைக் காட்டிப் போன மாதிரி.

திறப்புக்குச் சேர்மன் வரவில்லை. ஞானம்மாவும் கன்னியப்பனும் வந்தார்கள். ஞானம்மா எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "எதுல எங்க வூட்டுக்காரரு?" என்றாள். நான் கையைப் பிடித்து வைத்துக் காட்டினேன்.

ஷிப்டு பஸ்ஸுக்கு நின்ற ஒரு பையன் சத்தமாகப் படித்துவிட்டு, "கடல்ல செத்தவருக்கு ஒரகடத்துல கல்லா? இன்னா சம்பந்தம்?" என்றான்.

"எங்க வூட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரு அவரு கவுத்தைப் புடிச்சிகினு இருந்தாங்க. வுட்டுட்டாங்க. அதான் சம்பந்தம்" என்றேன்.

அவன் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டான்.

நரசிம்மன் விசிலைக் கொண்டுவந்து ஞானம்மாவிடம் கொடுத்தான். அவள் பார்த்தாள், மோந்து பார்த்தாள். "ஊது, கேக்கலாம்" என்று அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். ஊதினான். சத்தம் வரவில்லை. உள்ளே உப்பு அரித்துக் களிம்பு ஏறிப்போயிருக்கிறது. வெறும் காற்று. மறுபடி ஊதினான், அதே காற்று. ஞானம்மா சிரித்துவிட்டாள். அப்புறம் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தையில் வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் லீவு போடு.

ஒன்று மட்டும் உன் காகிதத்தில் பார். லாஞ்சு திரும்பும்போது உன் பெரியப்பா பின்பக்கமாக நின்று பார்த்துக்கொண்டே போனாரா, இல்லை முகத்தைத் திருப்பிக்கொண்டாரா? கேப்டன் அதையெல்லாம் எழுதியிருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்.

ராஜாமணி